பதினைந்தாவது காரணம்

அந்நிய முதலீட்டு வரவேற்பு வாரியத்தின் கூட்ட அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை இருந்தது. பெரிய பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் சொந்த நாட்டை விட்டுவிட்டு, கடல் தாண்டி வந்து, இன்னொரு நாட்டில் ஏன் தொழிற்சாலை கட்டுகின்றன என்பதற்குப் பதினான்கு காரணங்கள் அதில் எழுதியிருந்தன. வரிச்சலுகை, நிலம், தடையில்லா மின்சாரம், படித்த இளைஞர்கள், பக்கத்தில் துறைமுகம் என்று வரிசையாகப் போய், பதினான்காவதாக ‘வாரியத்தின் இனிய உபசரிப்பு’ என்று முடியும். முதல் பதின்மூன்றும் நாட்டில் கிடையாது. இருந்த ஒன்றைத்தான் வாரியம் பதினோரு வருடமாக விடாமல் செய்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாவது வருடம் ஒரு கம்பெனி வந்தே விட்டது. மணலை உருக்கிக் கணினிக்கு மூளை செய்கிற கம்பெனி. அதன் பிரதிநிதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், நாற்பத்தொரு பக்கமுள்ள ‘உந்துதல் அறியும் படிவம்’ ஒன்றைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: ‘தங்களை இங்கே ஈர்த்த தலையாய காரணம்.’ பிரதிநிதி சற்று யோசித்து, “படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக்காரர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

வாரியத்துக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று.

கண்ணாடிக்காரர் என்பவர் அதே கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு முக்காலி, ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு சகிதமாகப் பத்தொன்பது வருடமாக மூக்குக்கண்ணாடி பழுது பார்த்து வந்தவர். வாரியத்தில் பாதிப் பேர் கண்ணாடியின் காதை நிமிர்த்திக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் அவர் யார் என்று கேட்டபோது வாரியத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. குனிந்த தலையைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒப்பந்தத்தன்று வாரியத் தலைவரின் வரவேற்புரை இரண்டாவது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தபோது பிரதிநிதிக்குத் தலை தொங்கிவிட்டது. கண்ணாடி கீழே விழுந்தது. கீலில் இருந்த திருகு தெறித்துக் கம்பளத்துக்குள் போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒப்பந்தமும் தெரியாது, பேனாவும் தெரியாது. கடைநிலை ஊழியர் அவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார். அந்தக் கண்ணாடியின் மரை வேறு தினுசு. நம்மூர்த் திருகு எதுவும் ஏறாது. கண்ணாடிக்காரர் ஒரு செத்துப்போன கைக்கடிகாரத்தைத் திறந்து, அதிலிருந்து ஒரு திருகைக் கழற்றி, தலையை ராவி, நீளத்தை வெட்டி, ஒன்பது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். “போட்டுப் பாருங்க” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவரோ போட்டுப் பார்த்தார், மேலே போனார், கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் வாரியமே படியிறங்கி வந்தது. தலைவர் முன்னால், எட்டு உறுப்பினர்கள் பின்னால், அவர்களுக்கும் பின்னால் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி காரணிப் பிரிவின் துணை இயக்குநர். இந்தத் துணை இயக்குநர் மெல்லிய குரலில் பேசுகிற ஒல்லியான மனிதர். காரணங்களைக் காரணம் என்று சொல்லமாட்டார்; காரணி என்றுதான் சொல்வார். அதனால் அவருக்கே காரணி அதிகாரி என்று பெயர் வந்திருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பதினோரு வருஷமா உலகம் பூரா தேடின காரணம் எங்க காலடியிலேயே உட்கார்ந்திருந்திருக்கு. இதுல எங்களுக்கு எந்த வெட்கமும் இல்லை. கண்டுபிடிக்கறது பெரிசில்லை, தேடறதுதான் பெரிசு. தேடறதுக்குன்னு ஒதுக்கினதுல ஒரு காசு மிச்சம் வைக்காமத் தேடியிருக்கோம்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரரும், யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது போல என்று தட்டினார்.

பலகையில் பதினைந்தாவது வரி ஏறியது. முக்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். காவலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மற்ற நாட்டு முதலீட்டாளர்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்பதால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, விடுமுறை நாள் உட்பட, அவர் அங்கேயே இருக்கவேண்டும் என்றார்கள். கண்ணாடிக்கு லென்ஸ் வாங்க ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பக்கத்து நாட்டுக்கு அவர் மாதம் ஒருமுறை போய்வருவது வழக்கம். அதற்கென்று வைத்திருந்த பாஸ்போர்ட்டைப் பாதுகாப்பாக வைக்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள்.

“எதுக்குங்க பாஸ்போர்ட்டு?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

காரணி அதிகாரி குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். “மூலதனம் நகரும். இயந்திரம் நகரும். லாபம் எல்லாத்தையும்விட வேகமா நகரும். நகராம ஒரே இடத்துல இருக்கறது காரணி மட்டும்தான் ஐயா. அது நகர்ந்தா கம்பெனியும் பின்னாடியே போயிடும். நீங்க இப்போ ஒரு துறைமுகம் மாதிரி. துறைமுகம் ஊருக்குப் போயிட்டு வரேன்னு கிளம்புமா?”

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உங்களைப் பார்த்தா கம்பெனி வந்துச்சாம்? இருபத்தாறு வருஷமா நானும் பார்க்கறேன். எனக்கு ஒரு புது ஃபேன்கூட வரலை.”

சிரிப்பெல்லாம் இரண்டு மாதம்தான். கயிற்றைத் தாண்டிக் கண்ணாடியைக் கொடுக்க வேண்டுமென்றால் பார்வையாளர் படிவம் நிரப்ப வேண்டும் என்று விதி வந்தது. கண்ணாடி உடைந்து போனவன் படிவத்தை எப்படிப் படிப்பான்? வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கண்ணாடிக்காரரின் இடது கண்ணில் மின்னல் மாதிரி ஒன்று வெட்டியது.

மறுநாள் கரித்தூள் கொட்டினதுபோல் புள்ளிகள். அதற்கு மறுநாள் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று மெல்ல உள்ளே வந்தது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தெருவுக்கு எதிரே ஒரு கடைப்பலகை உண்டு: ‘குளிர்பதனப் பெட்டிகள் பழுது பார்க்கப்படும்.’ வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முதல் எழுத்தை நேராகப் பார்த்தார். கடைசி வார்த்தை இல்லை.

மாலை ஆறு மணிக்குக் காவலர்கள் விட்டதும் கண் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கண்ணின் உள்பக்கச் சவ்வு, சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல் உரிந்துகொண்டிருக்கிறது. நடுப்பகுதி உரிவதற்குள் ஆபரேஷன் செய்தால் கண் பிழைக்கும். அதற்கான இயந்திரம் இந்த ஊரில் இல்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, ரயிலில் மூன்று மணி நேரம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ஒரு வாரம் தாங்கலாம். நீங்க நேத்தே வந்திருக்கணும்” என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிக்காரர் பாஸ்போர்ட் கேட்டு மாடியேறினார்.

காரணி அதிகாரி பதறிப்போய்விட்டார். கண்ணைப் பற்றி அல்ல. முக்காலி அந்த நேரத்தில் காலியாக இருக்கிறதே என்று. அவரை முதலில் கீழே அனுப்பி உட்காரவைத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே நின்றபடி கோரிக்கையைக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். கேட்டுவிட்டு, இதற்கு முன்னுதாரணம் இல்லை, ஆகவே குழு கூடும் என்றார்.

குழு மறுநாள் கூடியது. அதற்குள் எதிர்ப்பலகையில் ‘பார்க்கப்படும்’ போய், ‘பழுது’ என்பதில் முதல் எழுத்து மட்டும் மிச்சமிருந்தது.

கண்ணாடிக்காரர் எந்தக் கண்ணால் வேலை செய்கிறார் என்று தலைவர் கேட்டார். உருப்பெருக்கியை வலது கண்ணில்தான் வைப்பேன், அப்போது இடது கண்ணை மூடிக்கொள்வேன் என்றார் அவர். குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு திருகும் ஒரு சட்டமும் கொண்டுவந்து கொடுத்து, மாட்டிக் காட்டச் சொன்னார்கள். பழக்கத்தில் மாட்டிவிட்டார். நேரம் குறித்தவர் எட்டு நிமிடம் நாற்பது விநாடி என்றார். சென்ற தடவையைவிட இருபது விநாடி குறைவு.

தலைவர் மலர்ந்துவிட்டார். “ஆகவே முதலீட்டை ஈர்த்தது வலது கண். இடது கண் அப்போது மூடியிருந்தது. வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் அது பயன்பாட்டில் இல்லாத கண். காரணிக்கு எந்தச் சேதமும் இல்லைன்னு குறிச்சுக்கோங்க. வேகம் கூடியிருக்குன்னும் குறிச்சுக்கோங்க.”

“சார்,” என்றார் கண்ணாடிக்காரர். “வேலை நேரத்துலதான் சார் அதை மூடறேன். மிச்ச நேரமெல்லாம் திறந்துதான் வெச்சிருக்கேன்.”

அது குறிப்பில் ஏறவில்லை.

அதற்காகக் குழுவுக்கு இரக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காரணி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதே தவிர, ஆஸ்பத்திரி காரணியிடம் வரலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எல்லாருக்கும் புல்லரித்துவிட்டது. நோயாளி இடம் பெயர்வது பின்னடைவு, ஆஸ்பத்திரி இடம் பெயர்வது வளர்ச்சி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியும் உயர் தொழில்நுட்ப நிறுவனம்தான். அது இங்கே நேரடி முதலீடு செய்ய எது உந்தும் என்று ஆராயத் துணைக்குழு அமைத்தார்கள். அறிக்கைக்குப் பதினெட்டு மாதம் கெடு.

“பதினெட்டு மாசமா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“வேகப்படுத்தியிருக்கோம்” என்றார் காரணி அதிகாரி.

மூன்றாம் நாள் ‘பழுது’ முழுசாகப் போயிற்று. அன்று பார்த்து அந்தக் கம்பெனிப் பிரதிநிதி வந்து சேர்ந்தார். தொழிற்சாலைக் கட்டடம் பார்க்க வந்த இடத்தில் மூக்குத்தாங்கி ஒன்று ஆடிற்றாம். அவர் ஊர்க்காரர்கள் படிவம் நிரப்பத் தேவையில்லை என்பதால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். நம் பாஷையைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காரணம் இல்லை என்று மேலே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று கெஞ்சினார்.

பிரதிநிதிக்கு முதலில் எதுவும் புரியவில்லை. கயிற்றையும் காவலையும் தலைக்குமேல் மாட்டியிருந்த ‘ஈர்ப்புக் காரணி எண் 15’ என்ற அட்டையையும் பார்த்தார். பிறகு முகம் சிவந்துவிட்டது. மெல்ல, வெட்கத்தோடு உண்மையைச் சொன்னார். அவர்கள் வந்தது வரிச்சலுகைக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. எதிர்க்கம்பெனி இந்த நாட்டுக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டார்கள். உடனே இவர்களும் கிளம்பிவிட்டார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தால், இவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவன் கிளம்பியிருக்கிறான். முதலில் கேள்விப்பட்டது யார் என்று இரண்டு தலைமையகங்களிலும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

“அப்போ என் பேரை ஏன் எழுதுனீங்க?”

“கட்டம் காலியாக விடக்கூடாது என்று இருந்தது,” என்றார் அவர். “அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, போக விட்டவர் நீங்கள் ஒருவர்தான்.”

அவர் நேர்மையானவர். உடனே மாடியேறி எல்லாவற்றையும் சொன்னார். வாரியம் புன்னகையோடு கேட்டுக்கொண்டது. அவர் போனபிறகு காரணி அதிகாரி கீழே வந்து, முதலீட்டாளரின் அடக்கம் தங்களை நெகிழவைத்துவிட்டதாகச் சொன்னார்.

“அடக்கம் இல்லை சார், நிஜம். அவரே சொல்லிட்டார், காரணம் நான் இல்லைன்னு.”

“அவர் சொல்லலாம் ஐயா. தான் ஏன் வந்தோம்னு முதலீட்டாளருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. அதைத் தெரிஞ்சு வெச்சுக்கத்தானே ஒரு பிரிவையே நடத்தறோம்? எங்க பிரிவுல முப்பத்திரண்டு பேர் இருக்கோம். காரணம் தப்புன்னா நாங்க முப்பத்திரண்டு பேரும் எதுக்கு?” கோப்பை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். “நீங்களே சொல்லுங்க.”

 கண்ணாடிக்காரர் எதிர்ப்பலகையைப் பார்த்தார். ‘குளிர்பதனப் பெட்’ என்று இருந்தது.

அன்று மாலை வீட்டில் மனைவி அவர் வலது கண்ணைப் பொத்தி, வலது பக்கமாகக் குவளையை நீட்டி, அவர் எடுக்கிறாரா என்று பார்ப்பாள். எடுக்காமல் காற்றைத் துழாவினால் சட்டென்று கையில் திணிப்பாள். அப்படி மூன்றாவது தடவை துழாவியபோது அவள் எழுந்து போய்த் தன் தம்பியைக் கூட்டிவந்தாள்.

மச்சினனுக்கு அரசாங்க அலுவலகங்களின் வாசலில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதிக் கொடுப்பது தொழில். உலகத்தில் எந்தப் பூட்டுக்கும் ஒரு படிவம் சாவி என்று நம்புகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தான்.

“மாமா, நீங்க காரணியா இருக்கறவரைக்கும் நகர முடியாது. அவங்க சொல்றது சட்டப்படி சரி. ஆனா இந்த நாட்டுல எந்த நேரமும் எங்க வேணா போகலாம்னு ஒரே ஒரு சாதிக்கு அனுமதி உண்டு.”

“யாரு, மந்திரியா?”

“கம்பெனி. நீங்க கம்பெனி ஆயிடுங்க.”

அக்காள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டு வாங்கியபடியே அவன் விளக்கினான். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், உள்நாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டில் போய் முதலீடு செய்வதை ஊக்குவிக்க ஒரு பிரிவு இருக்கிறது. ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை ஒருவர்கூட அங்கே ஏறியதில்லை. அங்கே இருக்கும் அதிகாரி, ஜன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நான்காம் நாள் மச்சினன் படிவத்தை வாங்கிவந்து கயிற்றுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்து நிரப்பினான். காவலர்கள் அவனிடம் பார்வையாளர் படிவம் கேட்டார்கள். அவன் அதையும் நிரப்பினான். தொழில்நுட்பம்: நுண்திருகு. முதலீடு செய்யும் நாடு: ஆற்றுக்கு அந்தப்பக்கம். கொண்டுபோகும் கருவிகள்: ஒரு டப்பா.

“உந்துதல் என்னன்னு கேக்கறான் மாமா.”

“கண்ணு.”

“கண்ணு,” என்று எழுதினான். அடுத்த கேள்வியை இரண்டு தடவை படித்தான். “நேரடியாக ஏன் போகவேண்டும்? அந்த நாட்டுக்காரர் ஒருவருக்கு உரிமம் கொடுத்து அவரைச் செய்யச் சொன்னால் ஆகாதா? இதுக்கு என்ன எழுதறது?”

கண்ணாடிக்காரருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. “ஏன்டா, என் கண்ணை நான்தானே எடுத்துக்கிட்டுப் போகணும்? எவன்கிட்டயாவது குடுத்தனுப்ப முடியுமா? அது என் மூஞ்சியிலதானே இருக்கு?”

மச்சினன் சற்று யோசித்து, ‘இதனை உரிமையாளரிடமிருந்து பிரித்து அனுப்ப இயலாது’ என்று எழுதினான்.

மூன்றாவது மாடி அதிகாரி அந்த வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். உயர் தொழில்நுட்பக் கம்பெனிகள் கடல் தாண்டி நேரில் போவதன் ரகசியத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், ஒருவனும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே உத்தரவு போட்டார்: முதலீட்டாளரின் பாஸ்போர்ட்டை உடனே ஒப்படைக்கவும்.

இரண்டாவது மாடியில் இருந்த காரணிப் பிரிவு மறுத்தது. காரணி வெளியேறக்கூடாது என்றது. வெளியேறுவது காரணி அல்ல, கம்பெனி என்றது மூன்றாவது மாடி. இரண்டும் ஒரே ஆள் என்றது இரண்டாவது மாடி. எங்கள் கோப்பில் அப்படி இல்லை என்றது மூன்றாவது மாடி. இப்படிக் கடிதங்கள் ஐந்தாம் நாள் முழுக்கப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கண்ணாடிக்காரரின் தலைக்குமேல்தான் தடதடவென்று போயிற்று. பலகையில் ‘குளிர்பதன’ மட்டும் இருந்தது. சாயங்காலம் அதிலும் பாதி போயிற்று.

ஆறாம் நாள் காலையில்தான் தலைவருக்கு வழி தோன்றியது. கம்பெனிப் பிரதிநிதி படிவத்தில் எழுதியது என்ன? ‘படிக்கட்டுக்குக் கீழே இருக்கும்’ கண்ணாடிக்காரர். அப்படியானால் படிக்கட்டுக்குக் கீழே இல்லாத கண்ணாடிக்காரர் காரணி ஆகமாட்டார். முக்காலியோ எப்போதும் படிக்கட்டுக்குக் கீழேயே இருக்கிறது. ஆகவே இன்றுமுதல் காரணி அந்த முக்காலி. அதற்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். காவலர்கள் முக்காலிக்கு ஒரு சல்யூட் அடித்தார்கள்.

காரணி அதிகாரி கயிற்றருகே சிறிது நேரம் நின்றார். “இது நல்ல காரணி. கேள்வி கேக்காது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது மணி ஒன்று. ரயில் இரண்டு பத்துக்கு. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே வாத்தியக் கோஷ்டியோடு வாரியம் நின்றுகொண்டிருந்தது. நாட்டின் முதல் வெளிநாட்டு முதலீட்டை வழியனுப்பாமல் இருப்பார்களா? மேடை போட்டு, அவரை ஏற்றிப் பூங்கொத்து கொடுத்தார்கள். தலைவர் பேச ஆரம்பித்தார். நம் நாட்டுத் தொழில்நுட்பம் இன்று எல்லை கடக்கிறது என்றார். இதற்கு விதை போட்டது தாம்தான் என்றார். விதை போட்ட வரலாற்றை முதலிலிருந்து சொல்லப்போவதாகச் சொன்னார். மணி இரண்டு ஐந்து. கண்ணாடிக்காரர் மேடையில் நின்றபடி வலது கண்ணைப் பொத்தித் தலைவரைப் பார்த்தார். தலைவரின் ஒரு காது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கி இல்லை, ரயில் இல்லை, வாயும் இல்லை. பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

மனைவி மேடையேறினாள். யாரையும் பார்க்கவில்லை. அவர் சட்டையின் தோள்பட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி, நகர ஆரம்பித்த பெட்டிக்குள் அவரை முதலில் தள்ளி, பிறகு டப்பாவைத் தள்ளி, பிறகு தானும் ஏறினாள். அதையும் ஒரு மரியாதை என்று நினைத்து வாத்தியக் கோஷ்டி வாசித்தது.

அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணைப் பார்த்தாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். துறைமுகமாக இருந்தேன் என்று சொல்ல நினைத்து, கண்ணாடிக்காரர் வேலை இருந்தது என்று சொல்லிவைத்தார். நடுப்பகுதி உரிய இன்னும் நூலிழைதான் பாக்கி என்று சொல்லி, காத்திருந்த இரண்டு பேரைத் தள்ளிவைத்துவிட்டு அப்போதே ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனாள். வெளியே நாற்காலியில் மனைவி கருவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் அசையாமல் இருந்தாள்.

கண் பிழைத்தது. உள்ளே ஒரு வாயுக்குமிழியை ஏற்றியிருக்கிறேன், அது மேலே எழும்பிச் சவ்வை அழுத்திப் பிடிக்கும் என்றாள் டாக்டரம்மா. அதனால் பத்து நாள் முகம் தரையைப் பார்க்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கினால் பொறுப்பு என்னுடையது இல்லை என்றும் சொன்னாள். முகம் வைக்க ஓட்டை போட்ட கட்டில் ஒன்று இருந்தது. அதில் படுத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். குமிழிக்குள் தரை தளதளவென்று தண்ணீர் மாதிரி ஆடியது. அவருக்கு அது அழகாகவே இருந்தது.

இரண்டாம் நாள் அந்த நாட்டு முதலீட்டு வாரியம் பூங்கொத்தோடு வந்துவிட்டது. ஆற்றைக் கடந்து முதலாவது உயர் தொழில்நுட்பக் கம்பெனி வந்திருக்கிறது என்று தகவல் போயிருந்தது. வரவேற்புரையை முதலீட்டாளரின் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. முகமோ கட்டிலுக்கு அடியில் இருந்தது.  பிறகு அவர்கள் தலைவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போய் வாசித்தார். ஆறு பக்கம். வாசித்துவிட்டு, மற்ற உறுப்பினர்கள் காலைப் பிடித்து இழுக்க, வெளியே வந்தார்.

நான்காம் நாள் வந்தவரைக் கண்ணாடிக்காரர் செருப்பை வைத்தே கண்டுகொண்டார். காரணி அதிகாரி.

அவர் மல்லாந்து படுத்து உள்ளே வந்தார். கோப்பு நெஞ்சின்மேல் இருந்தது. குமிழிக்குள் அவர் முகம் இரண்டாகப் பிரிந்து சேர்ந்து பிரிந்தது. ஊருக்கு வேறொரு நாட்டுக் கம்பெனி வந்திருக்கிறதாம். பலகையைப் பார்த்துவிட்டுப் பதினைந்தாவது காரணத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறது. முக்காலியைக் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உடைந்த கண்ணாடியை எடுத்து முக்காலியின்மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“நீங்க எப்போ திரும்பறீங்க ஐயா?”

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார். “நான் இப்போ வெளிநாட்டுக் கம்பெனி சார். சும்மா வர முடியாது. நீங்க என்ன சலுகை தர்றீங்க?”

காரணி அதிகாரிக்கு இந்தக் கேள்வி தாய்மொழி. முகம் தெளிந்துவிட்டது. வரிச்சலுகை, நிலம், தடையில்லா மின்சாரம் என்று ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் அதெல்லாம் வேண்டாம் என்றார். கயிறு வேண்டாம். காவல் வேண்டாம். கண்ணாடி உடைந்தவன் படிவம் இல்லாமல் வரவேண்டும். பாஸ்போர்ட் அவர் பெட்டியில், அவர் வீட்டில் இருக்கவேண்டும். அதிகாரி ஒவ்வொன்றையும் எழுத முயன்றார். மல்லாந்து படுத்திருந்ததால் பேனாவில் மை இறங்கவில்லை. கட்டிலுக்கு மேலிருந்து ஒரு கை நீண்டு அவரிடம் பென்சில் ஒன்றைக் கொடுத்தது.

எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு தயங்கினார். “பலகையில மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே ஐயா. பதினைந்தாவது வரியை எடுத்துட்டா பழையபடி பதினாலுதான். அதுல பதிமூணு நம்மகிட்ட இல்லை.”

“அதை எங்க கம்பெனி நிர்வாகக் குழுதான் முடிவு பண்ணணும்” என்றார் கண்ணாடிக்காரர்.

அதிகாரி கட்டிலுக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பி, பக்கத்தில் இருந்த ஸ்டூலின் கால்களையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த நிர்வாகக் குழுவின் பாதங்களையும் பார்த்தார். பணிவாக, குழுவின் கருத்து என்னவென்று கேட்டார்.

“எழுதினதை இங்க குடுத்துட்டு முதல்ல எந்திரிங்க,” என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. “தரை துடைக்க வந்து நிக்கறாங்க.”